சின்ன அறையின் விலை

குளியலறைக்குள் குழாய் திறந்தது. அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் சங்கரவடிவு மொச்சை உரித்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். இரண்டு காலையும் ஒட்டவைத்துக்கொண்டு அடுப்படி மேடையின் விளிம்பை இறுக்கிப் பிடித்தாள். எதிரே சுவரில் எப்போதோ தெறித்த எண்ணெய்ப் பொட்டு ஒன்று இருந்தது, அதையே பார்த்தாள். இப்படிப் பிடித்துக்கொண்டு நின்றால் போய்விடும். போய்விட்டது. போனது என்றால் அடியோடு போனது இல்லை, விடைபெற்று வாசல்வரை நடந்துவிட்டுக் குடையை மறந்தேன் என்று திரும்பி வருகிற விருந்தாளி மாதிரி இன்னும் கொஞ்ச நேரத்தில் வரும். உள்ளே இருப்பவர் அவளுடைய வீட்டுக்காரர் பிரமநாயகம். பத்திரப் பதிவு ஆபீசில் கிளார்க்காகக் குப்பை கொட்டி ரிட்டையர் ஆனவர். பேப்பரோடு உள்ளே போனால் பல் தேய்ப்பு, சவரம், மற்றது, குளியல், துண்டு அலசுவது என்று எல்லாவற்றையும் ஒரே தவணையில் முடித்துக்கொண்டு, திருநீறு ஒன்றுதான் பாக்கி என்கிற கோலத்தில்தான் வெளியே வருவார். ஆபீசில் இருந்த காலத்தில் அவசரமாக ஓடினாராம், இனி அவசரம் என்ன என்பது அவர் கட்சி. பாளையங்கோட்டையில் அவர் பார்த்துப் பார்த்துக் கட்டின வீடு இது. இரண்டு படுக்கையறை, ஒரு ஹால், ஒரு அடுப்படி, அடுப்படியைத் தாண்டினால் குளிப்பதற்கும் மற்றதற்குமாகச் சேர்த்து ஒரே ஒரு குளியலறை. கட்டின காலத்தில் அது போதுமானதாக இருந்தது. இப்போது போதவில்லை, அவளுக்கு மட்டும் போதவில்லை. ஏன் போதவில்லை என்பது இந்த வீட்டில் அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. இன்றைக்குக் கொத்தனார் மரியதாசும் வீட்டு புரோக்கர் ஆவுடையப்பனும் வருகிறார்கள். மகன் படித்துப் படுத்திருந்த சின்ன அறையை இரண்டாவது குளியலறையாக ஆக்குவதா வேண்டாமா என்று இன்றைக்கு முடிவு. வேண்டாம் என்றுதான் முடிவாகும். அதை நினைத்தால் மொச்சை கையில் ஓடவில்லை.

எல்லாம் அவள் தொடங்கி வைத்ததுதான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம், அல்லது வாயைத் திறந்தவள் உள்ளதைச் சொல்லியிருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. அடுத்த தெருவில் ஒரு வீடு நல்ல விலைக்குப் போனது என்று பிரமநாயகம் பெருமூச்சு விட்டுக்கொண்டு வந்த அன்று, தோசையைத் திருப்பிப் போட்டபடி, ‘அந்த வீட்ல ரெண்டு பாத்ரூம்லா, அதான் வெலை கூடிருக்கும். நம்ம சின்ன ரூம் சும்மாதான கெடக்கு, அதுல ஒண்ணு போட்டா நமக்கும் கூடும்’ என்று சொன்னாள். எவ்வளவு சாமர்த்தியம்! இந்த மனிதரிடம் எதைச் சொன்னால் காது கொடுப்பார் என்று அவளுக்குத் தெரியாதா? ஒரு கல்யாணத்துக்குப் போனாலும் மண்டபம் எத்தனை சென்ட், என்ன ரேட்டு ஓடுகிறது என்று கேட்டுக்கொண்டு வருகிறவர். கோயிலுக்குப் போய்த் திரும்பும் வழியில் பாதி வீடுகளுக்கு நான்கெல்லை சொல்லுவார், வடக்கே இன்னார் வீடு, கிழக்கே பொதுப்பாதை என்று. விற்கவே போவதில்லை இந்த வீட்டை. விற்றுவிட்டு எங்கே போவது? ஆனாலும் தினமும் அதற்கு ஒரு விலை அவர் மனசில் ஓடிக்கொண்டிருக்கும், சிலருக்கு ரத்த அழுத்தம் ஓடுகிற மாதிரி. அதனால் விலை என்றதும் தோசையைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போய் சின்ன அறையைப் பார்த்தார். மரியதாசைக் கூப்பிட்டார். மரியதாஸ் வந்து தட்டிப் பார்த்து, கழிவுக்குழாய் பக்கத்திலேயே போகிறது, வேலை சுலபம் என்று சொன்னார். அன்றைக்கு ராத்திரி அவள் எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு தண்ணீர் வயிறு நிறையக் குடித்தாள். அந்தச் சந்தோஷம் அதோடு சரி. பிரமநாயகம் ஒருத்தரிடம் கேட்டு முடிவு செய்கிற ஆளா? ஆவுடையப்பனைக் கூட்டிவந்தார். ஆவுடையப்பன் அறையின் நடுவில் நின்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ‘கெடுத்தியளே அண்ணாச்சி. வாங்க வாறவன் முதல்ல கேக்கது எத்தனை பெட்ரூம்னுதான். பாத்ரூம் கணக்கு அதுக்கப்புறம். ரெண்டு பெட்ரூம் ஒரு பாத்ரூம்னா மூஞ்சியைச் சுளிப்பான், கொறைச்சுக் கேப்பான், ஆனா கேப்பான். ஒரு பெட்ரூம் ரெண்டு பாத்ரூம்னா சிரிச்சுட்டுப் போயிருவான். பெட்ரூமைக் கொறைக்காம பாத்ரூமைக் கூட்டுனா வெலை கூடும். பெட்ரூமைத் தின்னுட்டுக் கூட்டுனா இறங்கும். போதாக்குறைக்கு இது ஈசானிய மூலை. அந்த மூலையில கக்கூஸ் இருக்கிற வீட்டை எவன் வாங்குவான்?’ என்று சொன்னான். சரி, பாதி அறையை மட்டும் தடுக்கலாமே என்று அவள் கதவோரம் நின்று கேட்டாள். மீதியில் கட்டில் போட்டால் கதவு திறக்காது என்றார் மரியதாஸ். பின்பக்கம்? பின்பக்கம் ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற சந்து, அதிலும் செப்டிக் டேங்க் மூடி. எல்லாக் கதவும் அடைத்துப்போயிற்று. விலை என்று சொல்லி அவள் கட்டின பேச்சை விலை என்று சொல்லியே இடித்துவிட்டார்கள்.

உள்ளே மக் வாளியில் மோதியது. இன்னும் சவரம்கூட முடியவில்லை, வாளியில் தண்ணீர் பிடித்து வைக்கிற கட்டம்தான் இது. மகன் நயினாரும் பெங்களூரிலிருந்து போனில் அதையேதான் சொன்னான். ‘அம்மா, டூ பெட்ரூம் சிங்கிள் பெட்ரூம் ஆயிரும்மா. இங்கெல்லாம் அப்படி யாரும் செய்ய மாட்டாங்க. அதுவும் இல்லாம நாங்க வந்தா எங்க படுப்போம்?’ எங்கே படுப்பார்களாம். போன பொங்கலுக்கு வந்தபோது மருமகள் ஜங்ஷன் பக்கத்தில் லாட்ஜில் ரூம் போட்டுத்தான் தங்கினாள். காலையில் மாமனார் உள்ளே போனால் வெளியே வரமாட்டார், பிள்ளை அழுகிறது என்று. அவளைக் குற்றம் சொல்ல முடியாது, வாயைத் திறந்து சொல்லிவிட்டாளே! எனக்கு ஒரு பாத்ரூம் பத்தாது அத்தை என்று எவ்வளவு லேசாகச் சொன்னாள். அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து பிடுங்கித் தன் வாயில் போட்டுக்கொள்ளலாமா என்று சங்கரவடிவுக்கு இருந்தது. மகனிடம் இதைச் சொல்லலாம், சொல்லியிருக்கலாம். போனை எடுத்து நயினாரே, அம்மாவுக்கு ஒண்ணுக்கு அடக்க முடியலைடா என்று சொல்ல முடியுமா? அவனுக்கு அவள்தான் ஜட்டி மாட்டி விட்டாள், அவன் நனைத்த பாயை அவள்தான் மொட்டைமாடியில் வெயிலில் போட்டாள், பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல். அப்படிப் பார்த்தால் சொல்லலாம். ஆனால் சொல்ல முடியாது. அவன் பதறுவான், பதறிவிட்டு மருமகளிடம் சொல்லுவான், அவள் உடனே ஏதாவது ஒரு பொருளை ஆர்டர் பண்ணி அனுப்பிவிடுவாள், அது பிரமநாயகத்தின் கையில் வந்து சேரும், என்னட்டி இது என்று ஹாலில் வைத்துப் பிரித்துப் பார்ப்பார். வேண்டாம்.

அடக்கிப் பழகின உடம்புதான் இது. அதுதான் வேடிக்கை. சின்னப் பிள்ளையில் அவர்கள் இருந்தது வளவு வீட்டில், வரிசையாகக் குடித்தனங்கள், கடைசியில் எல்லோருக்குமாக ஒரு கக்கூஸ், அதற்கு ஓட்டைத் தகரக் கதவு. விடிவதற்குள் பெண்கள் போய்விட்டு வந்துவிட வேண்டும், விடிந்த பிறகு ஆண்கள் வரிசை. பிந்திவிட்டால் அந்தி சாயும் வரை மூச்சு விடக் கூடாது. கல்யாணமாகி வந்த வீட்டில் முற்றத்தைத் தாண்டிப் பின்கட்டுக்குப் போக வேண்டும், கையில் வாளியோடு. முற்றத்தில் மாமனாரும் அவர் சீட்டுக்கச்சேரி ஆட்களும் உட்கார்ந்திருப்பார்கள். கையில் வாளியோடு அவர்களைத் தாண்டிப் போனால் எதற்குப் போகிறாள் என்று உலகத்துக்கே தம்பட்டம். அவர்கள் சீட்டைக் கலைத்து எழுந்திருக்கும் வரை அவள் உலக்கையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அதற்கு ஒரு பேரும் வாங்கினாள். மெட்ராசுக்கு பஸ்ஸில் போனால் வழியில் நிற்கிற இடத்தில் எல்லாரும் இறங்கி ஓடுவார்கள், நம்ம வடிவு ஏறின இடத்தில் உட்கார்ந்தபடி வருவா, என்ன உடம்பு, என்ன கட்டுமஸ்து என்று நாத்தனார் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அந்தப் பாராட்டில் அவளுக்கும் கொஞ்சம் கர்வம் இருந்ததுதான், இல்லை என்று சொன்னால் பொய். இப்போது அந்த உடம்பு கணக்குத் தீர்க்கிறது. முதலில் தும்மலில் வந்தது. அப்புறம் சிரிக்கும்போது. அதனால் சிரிப்பைக் குறைத்தாள். அப்புறம் வெளியே போய்விட்டு வந்து கதவில் சாவியை நுழைத்தால் வந்தது, சாவிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று தெரியவில்லை. அப்புறம் குழாய்ச் சத்தம். லேடி டாக்டரிடம் தனியாகப் போனாள், பல்லுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு. தசை தளர்ந்திருக்கிறது, இது எத்தனையோ பேருக்கு இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்று அந்தப் பெண் சொன்னாள், மாத்திரை எழுதினாள், ஒரு பயிற்சி சொல்லிக்கொடுத்தாள். ‘அடக்க மட்டும் செய்யாதீங்கம்மா. வந்தா உடனே போயிருங்க. வீட்ல பாத்ரூம் கைக்கெட்டுற தூரந்தானே?’ என்று கேட்டாள். கைக்கெட்டுகிற தூரந்தான் டாக்டர், நாலு எட்டு வைத்தால் வந்துவிடும், ஆனால் உள்ளே ஆள் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டு வந்தாள்.

தலையை ஆட்டி ஆட்டியே இரண்டு வருஷம் ஓடிவிட்டது. தெருவில் எல்லோரும் வேன் வைத்துத் திருச்செந்தூர் போனார்கள், அவள் போகவில்லை. வடிவுக்கு மகன் பெங்களூர் போனதிலிருந்து கொழுப்பு என்று பேசிக்கொண்டார்கள். தங்கை மகள் கல்யாணத்துக்கு மட்டும் போகாமல் இருக்க முடியவில்லை, கறுத்த கத்தரிப்பூக் கலரில் ஒரு பட்டு கட்டிக்கொண்டு போய், பந்தியில் பாயசத்தைத் தொடாமல், மோரைத் தொடாமல், மணவறைக்கு முன்னால் உட்காராமல் கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். பெரியம்மா என்னமோ கோவமா இருக்கா என்று கல்யாணப் பெண் அழுதாளாம். பழைய வேட்டியைக் கிழித்து மடித்து வைத்துக்கொள்கிறாள், அதைத் துவைத்துக் கொடியில் காயப்போட முடியாது, சின்ன அறை ஜன்னல் கம்பியில் உள்பக்கமாகக் காயப்போடுகிறாள். அந்த அறை ஒன்றுதான் அவளுக்குத் துணை. அறையின் விலையைப் பற்றி அத்தனை பேரும் பேசினார்களே, அந்த அறை அவளுக்கு என்ன விலை என்று ஒருத்தராவது கேட்டார்களா? கேட்டால்தான் சொல்லிவிடப் போகிறாளா? தன் மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது.

வாசல் மணி அடித்தது. மரியதாசும் ஆவுடையப்பனும் சேர்ந்தாற்போல வந்திருந்தார்கள். ‘என்ன மதினி, அண்ணாச்சி ஆபீசுக்குப் போயிட்டாகளோ?’ என்று ஆவுடையப்பன் குளியலறைப் பக்கம் கையைக் காட்டிச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. சிரிக்க முடியாது. காபி போடுகிறேன், உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்கு வந்தாள். பாத்திரத்தில் தண்ணீர் பிடிக்கக் குழாயைத் திறந்தபோது உள்ளேயும் அவர் குழாயைத் திறந்தார். இரண்டு குழாய். குடையை மறந்த விருந்தாளி திரும்பி வந்துவிட்டார். அவள் மேடையைப் பிடித்தாள், எண்ணெய்ப் பொட்டைப் பார்த்தாள். நிற்கவில்லை. போய்க் கதவைத் தட்டினாள்.

‘என்னங்க, கொஞ்சம் வெளிய வாங்க.’

‘யாரு, ஆவுடையப்பனா? இருக்கச் சொல்லு. காபி குடு. வாரேன்.’

‘அதுக்கில்லை. கதவைத் திறங்க.’

‘கொஞ்சம் இரு, சோப்புப் போட்டிருக்கேன்.’

சோப்புப் போட்டிருக்கிறாராம். ஹாலில் இரண்டு ஆண்கள், அந்தக் காலத்தில் முற்றத்தில் சீட்டாடினார்களே அவர்களேதான், சீட்டுதான் இல்லை. இன்னும் ஒரு தரம் தட்டினால் அவர்களுக்குக் கேட்கும். என்ன மதினி என்று ஆவுடையப்பன் எழுந்து வருவான். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். கட்டிலைப் போன வாரமே எடுத்து ஓரமாக நிறுத்திவிட்டார்கள். அரிசி டிரம், தையல் மிஷின், நயினாரின் பழைய பெட்டி எல்லாம் ஒரு மூலையில். வெறுந்தரையில் மரியதாஸ் முதல் நாள் வந்தபோது சாக்பீசால் போட்ட கோடுகள் அப்படியே இருந்தன. இது வாஷ்பேசின், இது குளிக்கிற இடம், இது வெஸ்டர்ன் டாய்லெட் என்று அவர் கட்டம் போட்டு விளக்கினபோது அவள் அந்தக் கட்டத்தைச் சுற்றிக் கவனமாக நடந்தாள், மிதித்து அழித்துவிடக் கூடாது என்று. அதன் பிறகு அறையைப் பெருக்கும்போதுகூட அதை விட்டுவிட்டுத்தான் பெருக்கினாள். கல்யாணமான புதிதில் அவர் வாங்கிக் கொடுத்த கொலுசைக்கூட இவ்வளவு பத்திரமாக வைத்ததில்லை. ஒரு வாரமாகக் காலையில் எழுந்ததும் கதவைத் திறந்து ஒரு பார்வை பார்த்துக்கொள்வாள். இன்றோடு அதுவும் முடிந்தது, ஆவுடையப்பன் காபி குடித்துவிட்டு வேண்டாம் என்பான், பிரமநாயகம் ஆமாம் என்பார், கட்டிலைத் திரும்ப இழுத்துப் போடுவார்கள். அவள் கட்டத்துக்குள் போய் நின்றாள். ஏன் அங்கே போய் நின்றாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. இரண்டு காலையும் ஒட்டவைத்தாள். பிடித்துக்கொள்ள அங்கே மேடை இல்லை. உள்ளே அவர் தலையில் தண்ணீரை ஊற்றினார், மடமடவென்று.

அடக்க முடியவில்லை. அவ்வளவுதான். சூடாக இறங்கியது, பாவாடை, சேலை, தரை. சத்தம் போடாமல் அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து, அழுகை வந்த அளவுக்கு அவமானம் வரவில்லை என்பதைக் கவனித்தாள். அதுவே ஆச்சரியமாக இருந்தது. எத்தனை நாள் பயந்த காரியம், கடைசியில் நடந்தே போயிற்று, அதுவும் அதற்கென்று கோடு போட்ட இடத்தில். கோடு இரண்டு பக்கம் கரைந்து வெள்ளையாக ஓடியது. கதவு திறந்தது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பிரமநாயகம் நின்றார். ‘காபி கேட்டா எங்க போனன்னு பாத்தா...’ என்றவர் தரையைப் பார்த்தார். உடனே தலையைத் தூக்கி மேற்கூரையைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது.

‘ஏளா, மேல ஒழுகுதா?’

‘ஒழுகலை. கான்கிரீட்டுக்கு ஒண்ணும் இல்லை. நான்தான்.’

அவருக்குப் புரியவில்லை. அவள் சேலையைப் பார்த்தார், புரிந்தது. கதவைச் சாத்தினார், உள்ளே நின்றுகொண்டு.

‘ஒடம்புக்கு என்ன?’

‘நிக்க மாட்டேங்கு. வந்தா உடனே போவணும். ரெண்டு வருசமா இப்படித்தான்.’

‘வெலை கூடும்னுல்லா நீ சொன்ன?’

‘வேற என்ன சொன்னா நீங்க கேப்பிய?’

‘கதவைத் தட்டிருக்கலாம்லா’ என்றார்.

‘தட்டினேன்.’

சோப்பு வாசனை அவர் மேல் இன்னும் இருந்தது. தட்டினதை அவர் நினைத்துப் பார்க்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது, கீழுதட்டைக் கடித்துக்கொண்டார். அவருடைய துண்டை வீட்டில் யாரும் தொடக் கூடாது, அவரே அலசுவார், அவரே உதறிக் காயப்போடுவார். அந்தத் துண்டைத் தோளிலிருந்து எடுத்துத் தரையில் போட்டார். முட்டி வலிக்காரர், குனிய முடியாமல் காலாலேயே அதை அங்குமிங்கும் தள்ளித் துடைத்தார். நன்றாகத் துடைக்கத் தெரியவில்லை, ஈரத்தைப் பரத்திவிட்டார், மிச்சமிருந்த கோடும் அதோடு போயிற்று. விடுங்க, நான் பாத்துக்கிடுதேன் என்று அவள் வழக்கமாகச் சொல்லியிருப்பாள். சொல்லவில்லை. அவரைத் துடைக்க விட்டுவிட்டுக் குளியலறைக்குப் போனாள். காலியாக இருந்தது. கழுவிக்கொண்டு, வேறு சேலை கட்டிக்கொண்டு வந்தாள்.

ஹாலில் ஆவுடையப்பன் ஏதோ கணக்கைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தான். பிரமநாயகம் துண்டில்லாத வெறும் தோளோடு எதிரே உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ‘வாங்க மதினி, அண்ணாச்சி வாயே தொறக்க மாட்டங்காக. கட்டிலைப் பழையபடி போட்டுருவோமா? ரெண்டு பெட்ரூம் ரெண்டு பெட்ரூமாவே இருக்கட்டும், நாளைக்கு ஒருத்தன் வாங்க வந்தா...’ என்றான்.

‘நாளைக்கு வாங்க வாறவன் எங்க வேணும்னாலும் இருந்துக்கிடட்டும். இன்னைக்கு நான்லா இருக்கேன்’ என்றாள் சங்கரவடிவு.

ஆவுடையப்பன் பிரமநாயகத்தைப் பார்த்தான். பிரமநாயகம் தலையை நிமிர்த்தவில்லை, மறுக்கவும் இல்லை. அவள் கொத்தனார் பக்கம் திரும்பினாள்.

‘மரியதாஸ், கோடு அழிஞ்சு போச்சு. வந்து திரும்பப் போடுங்க.’

மரியதாஸ் நாற்காலியை விட்டு எழுந்து, சட்டைப்பையில் சாக்பீசைத் தேடினார்.